வெளிப்பணியில் இருக்கிறார்

கேஸ் ஆபீஸில் ஓர் ஆய்வாளர் கையெழுத்துப் போட வேண்டுமென்றால் அவர் உயிரோடு இருக்க வேண்டும் என்றுதான் இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு விதி கிடையாதாம். கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

எனக்குத் தொழில் குழாய். அடுக்குமாடிக் கட்டடங்களில் வாயுக் குழாய் இழுத்து, சோதனைக்கு நாள் வாங்கி, ஆய்வாளரைக் கூட்டிவந்து, சான்றிதழையும் அனுமதியையும் கையில் கொடுக்கும் வரை என் பொறுப்பு. குழாய் இழுப்பது பத்து நாள் வேலை. மீதி வேலைக்கும் பத்து நாள் போதும் என்று யாராவது சொன்னால் அவர் இந்தத் தொழிலில் இல்லை என்று அர்த்தம்.

என் அக்கா குடியிருக்கும் கட்டடத்துக்கும் நான்தான் குழாய் போட்டேன். நான்கு மாடி, எட்டு வீடு, லிஃப்ட் கிடையாது. அங்கே மூன்று வருஷமாகத் தற்காலிக இணைப்பில்தான் அடுப்பு எரிகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ‘ஆய்வு நடைபெற்றுக்கொண்டிருக்கிறது’ என்று ஒரு தாள் வரும். இணைப்பு இன்னும் ஆறு மாதம் நீளும். கீழே பிரதான வால்வைத் திறந்த நிலையிலேயே வைத்து ஆபீஸ் ஈய சீல் போட்டிருக்கும். அதை அறுத்தால் உரிமம் போய்விடும், வழக்கும் வரும்.

ஒரு திங்கட்கிழமை காலையில் அக்கா போன் செய்தாள்.

“தம்பி, மாடிப்படியில கேஸ் நாத்தம் அடிக்குதுடா. நேத்து வரைக்கும் லேசா இருந்துச்சு. இன்னிக்குத் தலைய வலிக்குது.”

“மாமா என்ன சொல்றார்?”

“உன் மாமாவுக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கா என்ன? முப்பது வருஷமா ஊதி ஊதி அதக் கருக்கியாச்சு. நாத்தமே இல்ல, எல்லாம் உன் பிரமைன்னு சண்டைக்கு வர்றார். அந்தப் படியிலயே நின்னுதான் சிகரெட் பத்த வைக்கிறார்.”

ஜன்னலை எல்லாம் திறந்து வை, அடுப்பைத் தொடாதே, மாமாவைத் தெருவுக்குப் போய் ஊதச் சொல் என்றேன். அவள் போனை வைக்கவில்லை.

“அப்புறம் இன்னொண்ணு. மத்தியானம் மூணு மணிக்கு யாரோ படி ஏறுறாங்கடா. மூணாவது மாடி வரைக்கும் செருப்புச் சத்தம் வரும். அங்க நின்னுடும். கதவத் தெறந்து பாத்தா ஒருத்தரும் இருக்க மாட்டாங்க.”

“எத்தன நாளா?”

“நாங்க குடி வந்ததுலேர்ந்து. பழகிப்போச்சு, அதான் சொல்லல.”

எங்கே கசிகிறது என்று எனக்குப் போய்ப் பார்க்காமலே தெரியும். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில், சுவரில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் குழாய் திரும்பும் இடத்தில் ஓர் எல்போ. அதுதான். எப்படித் தெரியும் என்பதைப் பிறகு சொல்கிறேன். இந்த இடத்தில் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை.

அவசர உதவி எண்ணைக் கூப்பிட்டேன். ஒரு பெண் மிகுந்த கனிவோடு முகவரியைக் கேட்டாள். சொன்னேன். விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது.

“சார், அந்தக் கட்டடத்துல எங்க ஆய்வாளர் ஏற்கெனவே இருக்காரே?”

“யாரு?”

“ஆய்வு நடந்துட்டிருக்குன்னு காட்டுது. ஆய்வாளர் எடத்துல இருக்கும்போது நாங்க வண்டி அனுப்பக் கூடாது சார். ரெண்டு தரப்பும் போனா யாரு பொறுப்புன்னு குழப்பம் வந்துடும். நீங்க அவர்கிட்டயே நேர்ல சொல்லிடுங்க.”

“எப்பலேர்ந்து இருக்கார்?”

“மூணு வருஷம் நாலு மாசமா.”

“அவர் செத்துப்போயிட்டாரும்மா.”

“அது எங்க பிரிவுல வராது சார். உங்க புகார் தீர்ந்துடுச்சுன்னு பதிஞ்சுக்கலாமா?”

அந்த ஆய்வாளரை எல்லோரும் சோப்பு சார் என்றுதான் சொல்வோம். மற்ற ஆய்வாளர்கள் கட்டடத்தின் வாசலில் நின்றே மாடியைக் கண்ணால் அளந்து கையெழுத்துப் போடுவார்கள். சிலர் வாசலுக்கும் வரமாட்டார்கள். கட்டடம் அவர்களிடம் கோப்பாகப் போகும். சோப்பு சார் மட்டும் ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர் கலந்து எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மூட்டிலும் அடித்து, குமிழி வருகிறதா என்று குனிந்து பார்ப்பார். அதனால் ஒப்பந்ததாரர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. ஆபீஸிலும் ஆகாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அக்காவின் கட்டடத்தை ஆய்வு செய்ய வந்தபோது மூன்றாம் மாடித் திருப்பத்தில் மாரடைப்பில் போய்விட்டார்.

ஆபீஸுக்குப் போனேன். வாசலில் ஒரு மரப்பலகை. ஒவ்வோர் ஆய்வாளர் பெயருக்கும் நேரே நகர்த்துகிற மாதிரி ஒரு கட்டை. உள்ளே, விடுப்பு, வெளிப்பணி என்று மூன்று இடம். எல்லாக் கட்டையும் ‘உள்ளே’ என்பதில் இருந்தது. ஒன்றே ஒன்று மட்டும் ‘வெளிப்பணி’ என்பதில் இருந்தது. அது சோப்பு சாருடையது.

அவருடைய மேஜையும் அப்படியே இருந்தது. மூக்குக் கண்ணாடி, மூடி இல்லாத பேனா, இன்னொரு ஸ்ப்ரே பாட்டில். மூன்று வருஷத்தில் பாட்டில் வற்றியிருக்க வேண்டும். வற்றவில்லை. யாரோ இப்போதுதான் குலுக்கி வைத்ததுபோல மேலே நுரை நின்றது. நான் அதைப் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன்.

பக்கத்து மேஜையில் பிரிவு எழுத்தர் அம்மா இருந்தார். நல்ல மனுஷி, விதிகளை மனப்பாடமாகச் சொல்வார்.

“அவர் இறந்தத நீங்க யாரும் இன்னும் பதியலையாம்மா?”

“இறப்புச் சான்றிதழ் அப்பவே வந்துடுச்சுங்க. ஆனா இந்தப் பிரிவுக்கு வர்ற எந்தச் சான்றிதழா இருந்தாலும் பிரிவு ஆய்வாளர் பரிசீலிச்சு, ஏத்துக்கலாம்னு கையெழுத்துப் போடணும். பிரிவு ஆய்வாளர் அவர்தான். தோ, அவர் மேஜையிலதான் இருக்கு. அவர் வெளிப்பணி முடிஞ்சு வந்ததும் மொத வேலையா அதத்தான் குடுக்கப்போறேன்.”

இதைச் சொல்லும்போது அந்த அம்மா சிரிக்கவில்லை. சிரிப்பார் என்று நானும் கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

இயக்குநரிடம் போனேன். அறைக்குள் காற்று சில்லென்று இருந்தது. ஜன்னல்கள் எல்லாம் ஆணி அடித்து மூடப்பட்டிருந்தன, பாதுகாப்புக்காக.

“வருத்தமான விஷயம்தான்” என்றார். “நாங்ககூட ரெண்டு நிமிஷம் எழுந்து நின்னோம். ஆனா வருத்தம் வேற, கோப்பு வேற. ஒரு ஆய்வாளர் ஆரம்பிச்ச ஆய்வ அவரேதான் முடிக்கணும். ஏன்னு தெரியுமா? முன்னெல்லாம் ஒருத்தர் கசிவு இருக்குன்னு எழுதுவார், அடுத்தவர் வந்து இல்லன்னு எழுதுவார். ஜனங்க குழம்பிப்போனாங்க. இப்ப யாரும் குழம்புறதில்ல.”

“சரி சார், ஆய்வு இருக்கட்டும். ஒரே ஒரு எல்போவ மாத்துறதுக்கு அனுமதி குடுங்க. அது வரைக்கும் வால்வ மூடிக்கிறேன்.”

“ஆய்வு நடக்கும்போது குழாயத் தொடலாமா? அப்புறம் அவர் வந்து எதப் பாப்பார்? கசிவு ஒண்ணு இருந்தா அது அவருக்குச் சேர வேண்டியது. அதப் போய் நீங்க எடுத்துட்டுப் போறேங்கிறீங்க.”

“எட்டுக் குடும்பம் சார். உயிர் போயிடும்.”

“அதனாலதானே இவ்ளோ கவனமா இருக்கோம்” என்றார். பேச்சு முடிந்துவிட்டது என்பதற்கு அடையாளமாகக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

சீலை அறுத்து நீயே மூட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். என் மனசும் அதைத்தான் கேட்டது. உரிமம் போய்விடும் என்று அதற்குப் பதில் சொல்லி வாயை அடைத்தேன். அது பாதிப் பதில்தான்.

அந்த வாரம் பார்த்துப் பாதுகாப்பு வாரம். புதன்கிழமை விழாவுக்கு ஒப்பந்ததாரர்கள் எல்லோரும் வந்தே தீர வேண்டும். வராதவர் கோப்பு அடியில் போய்விடும். போனேன். மேடையில் ஏழு நாற்காலி. ஆறில் அதிகாரிகள். ஏழாவது காலி.

இயக்குநர் பேசினார்.

“போன வருஷம் நம்ம துறை பதினோராயிரம் சான்றிதழ் குடுத்திருக்கு. அதுல ஒரு கட்டடத்துலகூடக் கசிவு கிடையாது. கசிவு இருந்த கட்டடத்துக்கு நாம சான்றிதழே குடுக்கல, அதனால அது நம்ம கட்டடமே இல்ல. ரெண்டு எடத்துல வெடிச்சுதேன்னு பத்திரிகையில கேக்குறாங்க. வெடிச்சப்புறம் அங்க கட்டடம் இல்ல. இல்லாத கட்டடத்துக்கு ஒரு துறை எப்படிப் பொறுப்பாகும்? இத யாரும் யோசிக்கிறதில்ல.”

கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

“நம்மகிட்ட மேஜைய விட்டு எழுந்து போற பழக்கமே கொறஞ்சுபோச்சு. மத்தவங்களச் சொல்லல, என்னையே சொல்றேன். நான் கடைசியா படி ஏறினது இந்த மேடைக்குத்தான். ஆனா நம்மில் ஒருத்தர், மூணு வருஷம் நாலு மாசமா, ஒரு நாள் லீவு போடாம, ஒரு வார்த்த குறை சொல்லாம, களத்துலயே நிக்கிறார். சம்பள உயர்வு கேக்கல. இடமாற்றம் கேக்கல. இப்படிப்பட்ட ஊழியர்தான் இந்தத் துறையோட லட்சியம்.”

சிறந்த களப்பணியாளர் கேடயத்தைக் காலி நாற்காலியில் வைத்தார். எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். சத்தம் அடங்கியபோது அந்த நாற்காலிக்கு முன்னால் தரையில் இரண்டு ஈரத்தடம் இருந்தது, ஒருவர் கால் வைத்து உட்கார்ந்தால் எங்கே படுமோ அங்கே. துடைக்க வந்தவர், “யாரு இங்க சோப்புத் தண்ணி கொட்டினது?” என்று முணுமுணுத்துக்கொண்டே துடைத்தார். பக்கத்திலிருந்தவர் என் கையைப் பிடித்து, என்ன ஆச்சு, இப்படி வேர்க்குது என்று கேட்டார்.

வியாழக்கிழமை அக்கா மறுபடி கூப்பிட்டாள். “கீழ் வீட்டுக் கைக்குழந்த வாந்தி எடுக்குதுடா. ரெண்டு பேர் வீட்டப் பூட்டிட்டுக் கிளம்பிட்டாங்க.”

“நீயும் மாமாவும் என் வீட்டுக்கு வந்துடுங்கக்கா.”

“அவர் வரணுமே. ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் தெனம் வந்து பாத்துட்டுப் போறார், நீ ஏன் பதறுறேங்கிறார். அவர விட்டுட்டு நான் எப்படிடா வர்றது?” ஜன்னலை இன்னும் அகலத் திறக்கும் சத்தம் கேட்டது. “இது நீ போட்ட குழாய்தானே. அந்தத் தைரியத்துலதான் இருக்கேன்.”

அக்கா என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவளுக்கு அந்த வழக்கமே கிடையாது. உண்மையிலேயே அந்தத் தைரியத்தில்தான் இருந்தாள். அதுதான் தாங்க முடியவில்லை.

எழுத்தர் அம்மாவிடம் போய் ஏறக்குறைய அழுதேன். அவருக்கு இரக்கம் வந்துவிட்டது. விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

“அவர் தெனமும் மூணாவது மாடியிலயே நின்னுடுறார்னு சொல்றீங்க இல்ல? அப்ப அது தாமதம். தாமதத்துக்கு மெமோ குடுக்க எங்களுக்கு அதிகாரம் இருக்கு.”

அரை மணி நேரத்தில் மெமோ தயார். ‘தாங்கள் மேற்படி கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் இடைப்பட்ட நிலையில் நாற்பது மாதங்களாக நின்றுகொண்டிருப்பது நிர்வாகத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. மேற்கொண்டு ஏறாததற்கான விளக்கத்தை மூன்று தினங்களுக்குள் எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கவும்.’ நேரில் சார்வு செய்ய வேண்டுமாம், அதாவது உரியவரிடமே சேர்க்க வேண்டுமாம். ஆபீஸ் ஊழியர்கள் யாரும் படி ஏறுவதில்லை என்பதால் என்னிடமே கொடுத்தார்கள்.

மூன்றாம் மாடித் திருப்பத்தில், அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்த அதே சுவரில் ஒட்டினேன். நாற்றம் தொண்டையைப் பிடித்தது. ஒட்டிவிட்டு ஓடாத குறையாக இறங்கி வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அக்கா அந்த மெமோவைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். அச்சடித்த வரிகளுக்குக் கீழே, வலப்பக்கம் சாய்ந்த, எனக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்தில் நீல மையில் எழுதியிருந்தது:

‘பெறப்பட்டது. விதி பதினான்கின்படி ஒப்பந்ததாரர் உடன் இல்லாமல் மேற்கொண்டு ஏற இயலாது. காத்திருக்கிறேன்.’

இனி மறைத்துப் பிரயோஜனம் இல்லை, சொல்லிவிடுகிறேன். அந்த எல்போவை இறுக்கும்போதே மரை கோணலாக ஏறிவிட்டது. சரி செய்ய வேண்டுமென்றால் மேலேயுள்ள குழாய் முழுவதையும் இறக்க வேண்டும். சோதனை மறுநாள். அந்த நாளை விட்டால் அடுத்த நாள் கிடைக்க நான்கு மாதம் ஆகும். டேப்பை இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றி, முறுக்கி, மரப்பெட்டியை மூடிவிட்டேன்.

சோதனை என்பது இவ்வளவுதான். குழாயில் காற்றை அடைத்து, கீழே அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டி, அரை மணி நேரம் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கேஜுக்குக் கீழே சின்னத் திருகு ஒன்று உண்டு. காற்று ஏறியதும் அதை மூடிவிட்டால் கேஜுக்குள் போன காற்று அங்கேயே மாட்டிக்கொள்ளும். குழாயில் ஓட்டையே இருந்தாலும் முள் அசையாது. தொழிலில் இதற்கு முள்ளைத் தூங்க வைப்பது என்று பெயர். செய்யாத ஒப்பந்ததாரர் இல்லை, தெரியாத ஆய்வாளரும் இல்லை. அன்றைக்கு நானும் தூங்க வைத்தேன்.

சோப்பு சார் முள்ளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நல்லா நிக்குதே. ரொம்பவே நல்லா நிக்குது” என்றார். பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டார். “ஒவ்வொரு மூட்டா ஒருதரம் பாத்துடலாம். வர்றீங்களா?”

“நீங்க முன்னாடி போங்க சார். ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்.”

எந்தப் போனும் இல்லை. அந்தப் பெட்டியை அவர் திறக்கும்போது பக்கத்தில் நிற்கப் பயந்தேன், அவ்வளவுதான். படிவத்தில் ‘ஆய்வின்போது ஒப்பந்ததாரர் உடன் இருந்தாரா?’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ‘ஆம்’ என்று முதல் நாளே எழுதி வைத்திருந்தேன். எல்லாப் படிவத்திலும் அப்படித்தான், வீட்டிலேயே மொத்தமாக உட்கார்ந்து எழுதிவிடுவேன். நாற்பது நிமிஷம் கேட் ஓரமாக நின்றேன். சத்தமே இல்லையே என்று ஏறிப் போனால், மூன்றாம் மாடித் திருப்பத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாட்டில் கவிழ்ந்து நுரை படிப்படியாக இறங்கியிருந்தது. இன்னும் பத்துப் படி ஏறியிருந்தால் எல்போ. எனக்கு முதலில் தோன்றியது அதுதான், நல்லவேளை ஏறவில்லை என்று. மனுஷன் போய்விட்டாரே என்பது அதற்குப் பிறகுதான் தோன்றியது. இதை இன்று வரை யாரிடமும் சொன்னதில்லை.

அக்காவிடம் மெமோவைக் கிழித்து எடுக்கச் சொல்லி, வாங்கிக்கொண்டு ஆபீஸுக்கு ஓடினேன். எழுத்தர் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். “மூணு நாள் குடுத்தோம், ஒரே நாள்ல பதில் போட்டுட்டாரு பாருங்க” என்று வரவுப் புத்தகத்தில் பதிந்துகொண்டார். செத்தவர் எழுதிய பதிலைப் பற்றி அந்த அறையில் நடுங்கிக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான்.

இயக்குநர் பழைய படிவத்தை வரவழைத்துப் பார்த்தார்.

“இதுல ‘உடன் இருந்தார்’னு இருக்கே?”

“பொய் சார். நான் கூடப் போகல. முள்ளையும் நான்தான்... கேஜோட திருக மூடிட்டுத்தான் காட்டினேன். அவர் தனியா ஏறித்தான் செத்தார்.”

வாழ்க்கையில் முதல்முறையாக அதை வாய்விட்டுச் சொன்னேன். போலீஸைக் கூப்பிடுவார், கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் படிவத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“எழுதினத அடிக்கவோ திருத்தவோ முடியாதே. பேப்பர்ல நீங்க ஏற்கெனவே அவரோட ஏறியாச்சு. ஒரு ஆய்வுக்கு ஒரு ஆள் ரெண்டு தடவ எப்படி ஏறுவீங்க?” கொஞ்சம் யோசித்தார். “நீங்க சொன்னதையெல்லாம் நான் கேக்கல. கேட்டா ஒரு கோப்பு தொறக்கணும். நீங்க நல்ல மனுஷன், எதுக்கு?”

அவருக்கு என்மேல் கோபமே இல்லை. அதைப்போல ஒரு பயங்கரத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. திட்டியிருந்தால்கூட மனுஷர்கள் நடுவில் இருக்கிறேன் என்று தோன்றியிருக்கும்.

கடையில் ஒரு ஸ்ப்ரே பாட்டில் வாங்கி, சோப்புத் தண்ணீர் கலந்துகொண்டு, மூன்று மணிக்கு அக்காவின் கட்டடத்துக்குப் போனேன். நல்ல வெயில் நேரம். தெரு முழுக்க வெளிச்சம். படிக்கட்டில் மட்டும் அந்த நாற்றமும் இருட்டும். கீழ்ப்படியில் நின்றேன். எனக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

“சார், போன் எதுவும் இல்ல. வாங்க, போகலாம்” என்றேன்.

ஏறினேன். எனக்குப் பின்னால் செருப்புச் சத்தமும் ஏறியது. நான் நின்றால் அதுவும் நின்றது. இரண்டாம் மாடியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. வயசானவர் மூச்சு. மெதுவாக ஏறினேன். மூன்றாம் மாடித் திருப்பத்தில் சத்தம் வழக்கம்போல நின்றுவிட்டது. நானும் நின்றேன். அந்தச் சுவரைப் பார்த்தபோது அழுகை வந்துவிட்டது.

“தப்பு என்னுதுதான் சார். உங்களத் தனியா அனுப்பியிருக்கக் கூடாது. ஒக்காந்துட்டு வேணும்னாலும் போகலாம்.”

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு செருப்பு அடுத்த படியில் ஏறியது.

பத்துப் படி. மரப்பெட்டியைத் திறந்தேன். எல்போவில் சோப்புத் தண்ணீரை அடித்தேன். குமிழி எலுமிச்சம்பழம் அளவுக்கு ஊதிக்கொண்டு வந்தது, உடைந்தது, மறுபடி ஊதியது. அந்த நேரம் பார்த்து மேலே கதவு திறந்தது. மாமா. வாயில் சிகரெட், கையில் தீப்பெட்டி.

“என்ன மாப்ள, பட்டப்பகல்ல சுவரோட பேசிட்டிருக்கே?”

“மாமா, வேணாம்!”

அவர் உரசிவிட்டார். பற்றவில்லை. அடுத்த குச்சியை எடுத்து உரசினார். பற்றவில்லை. பெட்டியைக் குலுக்கிப் பார்த்து, “இப்பதானடா பிரிச்சேன்” என்றார். பெட்டியிலிருந்து சோப்பு நுரை அவர் விரலில் வழிந்தது.

தடதடவென்று இறங்கி ஓடினேன். குறட்டால் ஈய சீலை அறுத்து வால்வை மூடினேன். மேலே வந்து, எல்போவைக் கழற்றி, குழாயின் இரண்டு வாயையும் அடைத்தேன். அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவள் என் கையிலிருந்த குறட்டை வாங்கி ஓரமாக வைத்தாள். பிறகு, “உள்ள வந்து மூஞ்சி கழுவு” என்றாள்.

அடுத்த வாரம் ஒரே உறையில் மூன்று தாள் வந்தது. ஒன்று, சீலை அறுத்ததற்காக என் உரிமம் ரத்து. இரண்டாவது, அனுமதியின்றி மூடப்பட்ட வால்வை உடனே திறக்க வேண்டும், துறை அதை முறைப்படி மூடுவதற்கு வசதியாக. சொன்னபடியே இருவர் வந்தார்கள். வால்வைத் திறந்தார்கள், போட்டோ எடுத்தார்கள், மூடினார்கள், சீல் வைத்தார்கள். நான் முன்னமே குழாயை அடைத்து வைத்திருந்ததால் அவர்கள் உயிரோடு திரும்பிப் போனார்கள். அது அவர்களுக்குத் தெரியாது.

மூன்றாவது, ஆய்வறிக்கையின் நகல். சாய்ந்த எழுத்து, நீல மை. ‘ஆய்வு முடிந்தது. மூன்றாம், நான்காம் மாடிகளுக்கு இடைப்பட்ட எல்போவில் கசிவு உண்டு. இணைப்பைத் துண்டிக்கவும். முதல் சோதனையின்போது கேஜின் திருகு மூடியிருந்தது, அன்றே கவனித்தேன்.’ அதற்குக் கீழே கடைசி வரி: ‘ஒப்பந்ததாரர் உடன் இருந்தார்.’

உரிமத்தைத் திருப்பிக் கொடுக்க ஆபீஸுக்குப் போனபோது எழுத்தர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேஜையிலிருந்த இறப்புச் சான்றிதழில் ‘பரிசீலித்தேன். ஏற்றுக்கொள்ளலாம்’ என்று எழுதிக் கையெழுத்தாகியிருந்ததாம். பாட்டில் வற்றிக் கிடந்தது. மரப்பலகையில் அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். “வெளிப்பணிக்குன்னு இருந்தது அவர் ஒருத்தர்தான்” என்றார் அந்த அம்மா.

நான் இதுவரை குழாய் போட்ட கட்டடங்கள் அறுபத்து மூன்று. எல்லாப் படிவத்திலும் ‘ஆம்’ என்று என் எழுத்துத்தான். உரிமம் இல்லாதவன் உள்ளே நுழையக் கூடாது. ஆனாலும் தினமும் மூன்று மணிக்குப் பாட்டிலோடு ஒரு கட்டடத்துக்குப் போகிறேன். யாரோ படி ஏறுகிற சத்தம் கேட்கிறது என்று அங்கங்கே புகார் போயிருக்கிறதாம். ‘ஆய்வு நடைபெற்றுக்கொண்டிருக்கிறது’ என்று ஆபீஸ் பதில் எழுதியிருக்கிறது.

இப்போது எனக்குப் பின்னால் யாரும் ஏறி வருவதில்லை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுப் பார்த்துவிட்டேன். இருந்தாலும் ஒவ்வொரு மூன்றாம் மாடியிலும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் மேலே போகிறேன். வயசானவர், மூச்சு வாங்கும்.